தகப்பனுக்கு இரண்டு வயது மூத்தவன்

அவரிடம் தன் வயதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர் எங்கள் வீட்டு வரிசையில் ஒருவரும் கிடையாது. வயதைச் சொன்னவுடன் இடது கண்ணைச் சற்றே இடுக்கிக்கொண்டு "அப்படியா?" என்பார். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. அடுத்து, "ஜப்பான்காரன் வந்தப்போ உங்க மடியில எந்தப் பிள்ளைமா?" என்று கேட்பார். பிறகு, பெரிய வெள்ளத்தின்போது மூத்தவள் நடந்தாளா தவழ்ந்தாளா, கித்தா ரப்பர் விலை விழுந்த வருஷம் கல்யாணமா அதற்கு முன்னாலா என்று வரிசையாக வரும். ஐந்தாவது கேள்வி முடிவதற்குள், நாற்பத்திரண்டு என்று சொன்ன அம்மாளுக்கு நாற்பத்தொன்பது ஆகியிருக்கும்.

மலாக்காவில் எங்கள் காஜா பேராங்கில் அவருக்கு வயசு கிராணி என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. குருபோங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது பெயர்ப் பட்டியல் எழுதுகிறவராக இருந்துவிட்டு, ஜப்பான்காரன் போன பிறகு டவுனுக்கு வந்து எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். மனைவி மக்கள் இல்லை. வெள்ளைக் கால்சட்டை, கழுத்துப் பொத்தான் போட்ட சட்டை, கக்கத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு நோட்டு. அந்த நோட்டைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டேன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. அப்போது நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். அளவெடுக்கிறவள் ஆட்களை நம்பமாட்டாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கொடுக்கிறவர்களை எத்தனை பார்த்திருப்பேன். எனக்கு இருபத்து மூன்று வயது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்தான் மூன்று கேள்வி கேட்டு இருபத்து நான்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கணக்கெல்லாம் அவருக்கு வேதத்திலிருந்து வந்தது. ஒருநாள் காலர் நைந்த சட்டையைத் திருப்பித் தைக்கக் கொண்டு வந்தார். நின்றவர் சும்மா நிற்கவில்லை. என் தையல் சாக்கட்டியை எடுத்து வெட்டுப் பலகையின் மேலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.

"மெத்தூசலான்னு ஒரு கெழவரும்மா. நூத்தியெம்பத்தேழு வயசுல லாமேக்கைப் பெத்தாரு. லாமேக்கு நூத்தியெம்பத்திரெண்டுல நோவாவைப் பெத்தாரு. நோவாவுக்கு அறுநூறு நடக்கறப்போ வெள்ளம். கூட்டு."

"நீங்களே கூட்டுங்க ஐயா. எனக்கு ரெண்டு ஜாக்கெட் கெடக்கு."

"தொள்ளாயிரத்து அறுபத்தொம்பது. கெழவர் செத்ததும் தொள்ளாயிரத்து அறுபத்தொம்பதுலதான். வெள்ளம் வந்த அதே வருஷம்." சாக்கட்டியால் எண்ணுக்குக் கீழே கோடு போட்டார். "இப்பச் சொல்லு. தண்ணி வர்றதுக்கு முன்னாடி கண்ண மூடினாரா, இல்ல தண்ணியோடயே போனாரா? கப்பல்ல யானைக்கு எடம் இருந்திச்சு. தாத்தாவுக்கு இல்ல. பேரன் ஏத்திக்கலையா?"

"நாங்க முருகனுக்கு வெளக்கேத்தறவங்க. என்கிட்ட கேட்டா?"

"எழுதினவங்க அதைச் சொல்லல. ஆனா வயசைச் சொல்லிட்டாங்க. வயசைச் சொன்னா எல்லாத்தையும் சொன்ன மாதிரிதாம்மா."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஊசி விரலில் ஏறியது. எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத வயது ஒன்று இருந்தது.

அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் துரியான் விழுகிற சமயத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். என் தம்பி பிறந்தது அப்பா போய்ப் பதினாலு மாதம் கழித்து. மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத காலம் அது. அதற்குமேல் நான் அம்மாவைக் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதுதான் அப்பா போனார் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லிவந்தாள். தம்பியிடமும் அதேதான். அதற்காக அவன் வயதில் இரண்டு வருஷம் கூட்டியாயிற்று. நானும் கூடவே தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். எங்கள் சோற்றை யாரும் கிளறிப் பார்க்கவில்லை. கிளறுகிற ஆள் ஒருவர் நாலாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வாய்க்கு ஈவிரக்கம் கிடையாது என்பதைப் பின்வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தேன். பெண்ணுக்கு இருபத்திரண்டு என்று சொல்லிப் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா இவருக்கு வேதக்கோவில் பழக்கம். பேச்சுவாக்கில், "பொண்ணு உங்க பக்கந்தானே, எப்படி?" என்று கேட்டுவைத்தார். இவர் கண்ணை இடுக்கினார். வெள்ளம், ரேஷன் அட்டை, தம்பிமார் மூன்று பேருக்கும் இடையே உள்ள வருஷங்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, இருபத்தேழுக்குக் குறையாது, மாப்பிள்ளைக்கு இரண்டு வயது மூத்தவள் என்றார். அந்த வாரமே பரிசம் திரும்பிப் போனது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். பெண்ணின் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் போய், "ஏன் ஐயா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன்."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"தெரியுமேம்மா" என்றார். கேலியில்லை, திமிரும் இல்லை. தெரிந்ததை எப்படித் தெரியாது என்பது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அந்தப் பெண் மறுவருஷம் மூவாரில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள்.

அவர் தன் வேதக்கோவில் ஐயரையும், அதாவது பாதிரியாரையும், விடமாட்டார். தமிழ் ஆராதனை நடக்கிற அந்தச் சின்னக் கோவிலுக்கு மேசை விரிப்பு, பாடகர் அங்கி எல்லாம் நான்தான் தைத்துக் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியோடு போனபோது வாசலில் ஐயரை மடக்கி வைத்திருந்தார். யோராம் என்று ஒரு ராஜா முப்பத்திரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆண்டு செத்துப்போனான். அதாவது நாற்பது வயதில். உடனே மகன் அகசியா பட்டத்துக்கு வருகிறான். ஓர் இடத்தில் அவனுக்கு இருபத்திரண்டு வயது என்று இருக்கிறது. இன்னோர் இடத்தில் நாற்பத்திரண்டு.

"நாப்பது வயசுல செத்த அப்பனுக்கு நாப்பத்திரெண்டு வயசுல மகன். அப்பனுக்கு ரெண்டு வயசு மூத்த பிள்ளை. இதுக்கு என்ன சொல்றீங்க ஐயரே?"

ஐயர் நல்ல மனிதர், பசி வேறு. "பிரதி எடுத்தவர் கை தவறியிருக்கும் தம்பி. அதுல நம்ம ரட்சிப்புக்கு ஒரு குறைவும் இல்ல."

"என் ஆபீசுல ஒருத்தன் இப்படி எழுதியிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கவனமில்லாத பய" என்று அந்த ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்தர்மேல் நேற்றுப் பிழை விட்டவன்மேல்போலக் கோபப்பட்டார்.

பிறகு மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். கொடி ஏறியது, பாண்டு வாசித்தார்கள். அதன் பின்னாலேயே காகிதம் வந்தது. எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், எத்தனை வருஷமாய் இந்த மண்ணில் இருக்கிறாய், காட்டு என்றார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேருக்கு சூராட் பெரானாக் இல்லை; பிறந்த சான்றைக் கறையான் தின்றது, வெள்ளம் தின்றது, ஜப்பான் காலம் தின்றது. அதுவரை வயசு கிராணியைக் கண்டால் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனவர்கள் அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள். அவரும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, வெள்ளத்தையும் விலை வீழ்ச்சியையும் பிள்ளைப்பேறுகளையும் வைத்துக் கூட்டிக் கழித்து, பிறந்த மாதம்வரை கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தார். கையில் ஒன்றும் வாங்கமாட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா வேலை செய்கிறவன் வேறெங்கோ கூலி வாங்குகிறான் என்று அர்த்தம்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத நாட்கள். போலீசுக்கு ஆள் காட்டுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள் என்று பேச்சு. இத்தனை பேருடைய வயதும் வீடும் உறவும் ஒரே ஆளின் கக்கத்தில் இருப்பது எதற்கு? ஜாலான் பெண்டஹாராவில் நான் துணி எடுக்கிற கடை ராவுத்தரிடம் சாடையாகக் கேட்டேன். அவர் கல்லாவிலிருந்து குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாத்துப் பழகு புள்ள. ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் புடிச்சப்ப பேர் எழுதிக் குடுத்த கைன்னு சொல்லிக்கிறாங்க. நான் கேள்விப்பட்டதுதான். கண்ணால பாக்கல."

அன்று எடுத்த துணியைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

தம்பிக்கு ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. அம்மா கொடுத்த மனு திரும்பி வந்தது. பிறப்புப் பதிவில்லாத பிள்ளை. தகப்பனை நேரில் அறிந்தவர், உறவில்லாதவர் ஒருவர் வந்து சத்தியம் செய்யவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அம்மா நாலு நாள் யோசித்தாள். அப்பாவை அறிந்தவர்கள் எல்லாரும் அப்பாவோடேயே லாரியில் போயிருந்தார்கள். இது எப்படிக் கிராணி காதுக்குப் போனதோ தெரியாது. ஐந்தாம் நாள் சாயந்தரம் நோட்டோடு வந்து நின்றார். தம்பி பந்து விளையாடப் போயிருந்தான். அதுவரைக்கும் புண்ணியம்.

"உங்க வீட்டுக்காரர் எந்தத் தோட்டம் தங்கச்சி?"

அம்மா சொன்னாள்.

"எப்பப் போனாரு?"

"துரியான் விழற சமயம். பக்கத்துப் பெரிய தோட்டத்துப் பெரட்டுக் களத்துல மேசை போட்டு எழுதினாங்க. காலையில ஆள் கணக்கு எடுக்கிற எடம் தெரியுமில்ல, அங்க. ரெண்டு லாரி வந்திச்சு."

"சின்னவன் அப்ப?"

"தவழ்ந்துகிட்டிருந்தான்." அம்மா தயங்கவேயில்லை. எத்தனையோ வருஷம் சொல்லிப் பழகிய வாய்.

அவர் கண்ணை இடுக்கவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"மூணு தோட்டத்து ஆளுங்களையும் அங்கதான் எழுதினாங்க. எழுதினது நான்."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. "என்ன சொன்னீங்க?" என்றேன்.

"தொர ஓடிட்டாரு. ஜப்பான்காரன் என்னை மேசையில உக்கார வச்சான். பேரு, வயசு, பெஞ்சாதி, பிள்ளை எத்தனைன்னு எழுதினேன். அவனுக்கு ஒண்ணு. எனக்குன்னு இன்னொண்ணு எழுதி வச்சேன். என்னைக்காவது யாராவது வந்து கேப்பாங்க, என் வீட்டு ஆளு போனாரா, எந்தத் தேதியிலன்னு. இத்தனை வருஷமா ஒருத்தரும் கேக்கல தங்கச்சி."

எண்ணெய்த் துணியை அவிழ்த்தார். இவ்வளவு நாளும் எங்கள் வயதுகளைத்தான் அந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அது சயாமுக்குப் போனவர்களின் நோட்டு. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓர் இடத்தில் நின்றது. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். என் அப்பாவின் பெயர். முப்பத்திநாலு. பெண்சாதி ஒன்று. பிள்ளை ஒன்று, பெண்.

அந்த ஒன்று நான்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு கிராணி ஐயா?" என்று கேட்டாள்.

"பேரு இருக்கு. வயசு முப்பத்திநாலு."

"முப்பத்தஞ்சு அவருக்கு" என்றாள் அம்மா.

"சரி, முப்பத்தஞ்சு" என்றார். ஒரு வயதுக்காக அவர் மல்லுக்கு நிற்காததை அன்றுதான் பார்த்தேன். நோட்டை மூடினார். "சாட்சிக்கு நானே வர்றேன். திங்கக்கிழமை காலையில தயாரா இருங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே நினைப்புத்தான். கல்யாணத்தை நிறுத்திய வாய். வேத புத்தகத்திலேயே பிழை கண்டு ஐயரைப் பட்டினி போட்ட வாய். அது வேதத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்யப்போகிறது. சத்தியத்துக்குப் பிறகு என் அம்மா இந்தத் தெருவில் எப்படி நடப்பாள்? தம்பியின் காகிதத்தில் தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என்ன எழுதுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் மலாக்கா செட்டிகள். சாமி எங்கள் சாமி, பேச்சு மட்டும் மலாய். "டியா தானியா உமூர் அனாக் சாயா" என்றாள். கிராணி வந்து அவள் மகனின் வயதைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவள் மகனும் என் தம்பியும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். அது அவளுக்குத் தெரியும், அப்பா போன வருஷம்தான் தெரியாது. அந்தப் பையனுக்குச் சரியான பிறப்புச் சீட்டு உண்டு. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். நேரே அவர் அறைக்குப் போனேன்.

"நீங்க நாளைக்கு வரவேணாம்."

"சாட்சி இல்லாம எழுதமாட்டாங்கம்மா."

"எழுதாட்டிப் போகுது. எங்கப்பாவ எழுதினீங்களே, போதாதா? எங்கம்மாவையும் எழுதணுமா?"

அவர் வேத புத்தகத்தில் விரலை வைத்தபடி இருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அதில் சிலதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை அவர் வந்து வாசலில் நின்றார். அம்மா முன்னால் நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால். பஸ் நிற்கிற இடத்தில் அவராகவே சொன்னார்.

"அன்னிக்கு வரிசையில ஒரு பையன் நின்னாம்மா. பதினெட்டு வயசு. பதினெட்டுக்குக் கீழ இருந்தா எடுக்கமாட்டான். அவங்க அம்மா மேசைக்குக் கீழ விழுந்து காலப் புடிச்சிக்கிட்டா. ஒரு வயசு கொறச்சு எழுதுங்க சாமின்னா. எனக்கு அவன் பொறந்த நாள் தெரியும். அவன் பேரைப் பதிஞ்சதே நாந்தான்."

"என்ன எழுதினீங்க?"

"பதினெட்டு."

பஸ் வந்தது. ஏறினோம். எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அந்தப் பதினெட்டோடு போய்விட்டது.

பதிவு ஆபீஸ் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. காகிதங்களைப் புரட்டினார். அம்மாவிடம் சில கேள்வி கேட்டார். தம்பி தவழ்ந்த கதையை அம்மா சொன்னாள். பிறகு கறுப்பு அட்டை போட்ட வேத புத்தகத்தை மேசையில் இவர் பக்கம் நகர்த்தினார். இவர் வலது கையை அதன்மேல் வைத்தார். இடது கை மடியில், எண்ணெய்த் துணிக் கட்டின்மேல்.

"இவவின்ர புருஷனைத் தெரியுமோ?"

"தெரியும். சயாமுக்குப் போனவரு."

"அவர் போகேக்குள்ள எத்தனை பிள்ளையள்?"

அவர் கையைப் பார்த்தேன். நரம்பு எழும்பியிருந்தது.

"ரெண்டு" என்றார். "ஒரு பொம்பளப் பிள்ளை. ஒரு கைக்குழந்தை, ஆண்."

"எப்பிடி இவ்வளவு நிச்சயமாச் சொல்லுறியள்?"

"பட்டியல் எழுதினது நான்."

"அந்தப் பட்டியல் இருக்கோ?"

"எரிச்சுட்டாங்க" என்றார். மடியிலிருந்த கட்டு அசையவேயில்லை.

அதிகாரி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அம்மா அவரை இரண்டு கையாலும் கும்பிட்டாள். அவள் தன் பொய் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டுதான் கும்பிட்டாள். சாகும்வரை அப்படியே நம்பினாள். "வேணாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் அவர் நடந்தே போனார். எனக்கு நன்றி சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. இதற்கு என்ன விலை கேட்கப்போகிறார் என்றுதான் யோசித்தேன்.

மாதக்கணக்கில் காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. யாரிடமும் வயது கேட்பதையும் விட்டுவிட்டார். காகிதம் எழுத வந்தவர்களை டவுனில் இருக்கிற வேறு எழுத்தரிடம் அனுப்பினார். பின்வீட்டம்மாள், "எமன் கணக்கு முடிஞ்சிருச்சு போல" என்று சிரித்தாள். தெருவே அதைச் சொல்லிச் சிரித்தது. எனக்கு அந்த மௌனமும் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒருநாள் மேசை விரிப்பைக் கொடுக்கப் போனபோது ஐயர் என்னை நிறுத்தினார். அவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் வாங்குவார்கள். இராப்போஜனப் பந்தி என்று சொல்வார்கள்.

"உங்க தெருக்காரர்தானேம்மா அவர்? அஞ்சு மாசமா பந்திக்கு வரல. கடைசி பெஞ்சில உக்காந்திருக்கார். கூப்பிட்டா தலையை ஆட்டறார். ஏன்னு கேட்டா, நான் கை வச்சது சரியில்ல ஐயரேங்கறார். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன். விரிப்பைக் கொடுத்துவிட்டு வேகமாக வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குக் கண் எரிந்தது. எங்களுக்கு முருகன் பொய்யை மன்னித்துவிடுவார் என்று நாங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அப்படி ஒரு வசதி இல்லை. நாற்பது வருஷமாக வாங்கிய அப்பத்தை என் தம்பிக்காக விட்டுவிட்டார் மனிதர். யாரும் விலக்கவில்லை, தானே விலகிக்கொண்டார்.

அடுத்த வாரம் நானே போய் அவருடைய நைந்த சட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தேன். தைத்துத் திருப்பிக் கொடுத்தபோது என்ன பேசுவது என்று தெரியாமல், "அந்த ராஜா என்ன ஆனான் ஐயா? அப்பனுக்கு ரெண்டு வயசு மூத்தவன்?" என்று கேட்டேன்.

அவர் சட்டையை மடியில் வைத்துத் தடவினார்.

"எழுதினவன் கவனமில்லாதவன்னு நெனச்சிருந்தேன். இப்ப அப்படி நெனைக்கலம்மா. ராத்திரி பகலா அதையே எழுதறவன். அவனுக்குக் கூட்டத் தெரியாதா? அந்த ராஜாப் பையன் வீட்டுல என்ன நெலவரமோ."

மற்றச் சட்டைகளை அவர் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கு இரண்டாம் வருஷம் அவர் இறந்தார். கடைசிவரை பந்திக்கு வரவில்லை என்று ஐயர் சொன்னார். அறையைக் காலி செய்தவர்கள் வேத புத்தகம் ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று, நான் தைத்த சட்டைகள் நாலு இருந்தன என்றார்கள். நோட்டு இல்லை. கிணற்றடியில் ஒருநாள் காகிதம் எரித்தார் என்று அறை கொடுத்த வீட்டுக்காரர் சொன்னார். அதிகாரியிடம் சொன்னதைப் பிற்பாடு உண்மையாக்கிவிட்டார். ஆனால் அந்த நோட்டில் என் அப்பா மட்டுமா இருந்தார்? மூன்று தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பதினெட்டு வயதுப் பையன் இருந்தான். எங்களுக்காக அவர்களுடைய தேதியும் போயிற்று. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குற்றமாக இருக்கிறது. அவரை நான் முழுதாக மன்னித்தேனா என்றால், அதுவும் இல்லை. என் அப்பாவின் பெயரை எழுதிய கை அதுதான். என் தம்பிக்கு அப்பாவின் பெயரைக் கொடுத்த கையும் அதுதான்.

தம்பி அரசாங்க வேலையில் சேர்ந்தான். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆயிற்று. காகிதத்தில் இருக்கிற வயதுப்படி ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுடன் ஒரே வாரத்தில் பிறந்த வீட்டுக்காரம்மா மகன் அதே இலாகாவில் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள்தான் சாவதற்கு முன் ஒருநாள், நீயும் என் மகனும் ஒரே வாரத்துப் பிள்ளைகள் என்று தம்பியிடம் சொல்லிவைத்துவிட்டாள். நல்லவேளை, தம்பி அதோடு நிறுத்திக்கொண்டான். தன் வயதை மட்டும் கழித்துப் பார்த்தானே தவிர, அப்பா லாரி ஏறிய வருஷத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

வேலையிலிருந்து நின்ற மறுநாள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தபடி புலம்பினான்.

"ரெண்டு வருஷம் அநியாயமாப் போச்சுக்கா. எந்தக் கவனமில்லாத கிராணி எழுதினானோ. உனக்கு ஞாபகம் இருக்கா லா அந்த ஆளை?"

நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கண் மங்கி, நூல் இரண்டு தரம் தவறியது.

"இருக்கு" என்றேன். "நல்ல மனுஷன். அவருக்கு வயசு கணக்கே வராதுடா."